ஒன்றரைப் பாகை

அந்த மனிதனைப் பழிவாங்காமல் விடமாட்டேன் என்று நான் சபதம் எடுத்தபோது எனக்கு வயது இருபத்துநான்கு. இப்போது நாலு படி ஏறினால் முழங்கால் பிடிக்கிற வயது. ஆனாலும் அவன் முகம் நினைவுக்கு வந்தால் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. வயது போகப் போக மனம் இளகும் என்று சொன்னார்கள். எனக்கு இளகவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

அவன் நான் வேலை பார்த்த கந்தோருக்குப் பொறுப்பான அதிகாரி. கந்தோர் என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். முல்லைத்தீவில் ஒரு வாடகை வீடு, இரண்டு மேசை, ஒரு அலுமாரி, ஒரு தட்டச்சு இயந்திரம். எண்பதுகளின் தொடக்கத்தில், கடலின் சூட்டை அளக்கிற ஒரு திட்டத்துக்காகத் திறந்தது.

திட்டம் இதுதான். வானிலைச் செய்மதி ஒன்று காலையில் எங்கள் தலைக்கு மேலால் போகும். போகிற போக்கில் கடலின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்று அங்கிருந்தே பார்த்துவிடும். கொழும்பில் ஒரு இயந்திரம் அதை வாங்கி, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எண் போட்டுத் தாளில் அடித்துத் தரும். அந்த எண் சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? அதே நேரத்தில் ஒருவன் கடலுக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் மொண்டு, அதற்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுத வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் செய்மதியை நம்பலாம். அந்த ஒருவன் நான். கொக்கிளாயில் தங்கி, வாரத்தில் ஆறு நாள் காலையில் கடலுக்குப் போக வேண்டும். ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தால் நிரந்தர நியமனம் என்று கடிதத்தில் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் நிரந்தரம் என்ற சொல்லை அதற்கு முன் எந்தக் கடிதத்திலும் யாரும் கண்டதில்லை. நாங்கள் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். முரசுமோட்டையில் அடுத்தவர் வயலில் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நின்றார்கள். நான் மலையில் பிறந்தவன். கடலை முதன்முதலாகக் கண்டதே இருபது வயதில். முதல் நாள் வள்ளத்தில் ஏறி, கரை மறைவதற்குள் குடலே வாய்க்குள் வந்துவிட்டது.

வள்ளக்காரர் சிரித்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். அவர் வீட்டுப் பின்னறையில்தான் நான் தங்கியிருந்தேன். "கடலுக்குக் காய்ச்சல் பாக்க வந்த டொக்டர் தானே சத்தி எடுக்கிறார்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் டொக்டர். எனக்கு அவர் அண்ணை.

முதல் மூன்று மாதம் எல்லாம் சரியாகப் போனது. கந்தோரில் தந்த தடித்த இறப்பர் வாளியில் தண்ணீர் எடுப்பேன், பார்ப்பேன், எழுதுவேன். செய்மதி இருபத்தொன்பது என்றால் என் வெப்பமானியும் அங்கேதான் நிற்கும். ஒரு தசம் கூடும், ஒரு தசம் குறையும். பிறகு ஒரு நாள் வாளிக் கயிறு அறுந்தது. வாளி என் கண்ணுக்கு முன்னாலேயே கீழே போனது.

நான் அதை அன்றே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கவில்லை. அந்த அதிகாரி பென்சில் தொலைந்தாலே பியோனை அரை மணிநேரம் நிற்கவைத்து ஏசுகிறவன். தற்காலிக வேலைக்காரன், அரசாங்கச் சாமானைக் கடலில் போட்டுவிட்டேன் என்று போய் நின்றால் என்ன ஆகும்?

"ஒரு எண்ணெய்த் தகரத்தில பிடிப்பம் அண்ணை" என்றேன்.

"விசர்க் கதை கதையாதை. தகரம் வெயிலுக்குக் கொதிக்கும். உன்ர கணக்குக் கூடிப்போகும். இந்தா, மண்முட்டி. இது சுடாது" என்று, குடிதண்ணீர் கொண்டுவருகிற சின்ன முட்டியின் கழுத்தில் கயிறு கட்டித் தந்தார்.

எனக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. அன்று முதல் மண்முட்டி. கடலில் இறக்கி மொண்டு, வள்ளத்தின் முன்பக்கம், அணியத்துப் பலகையில் வைத்து, வெப்பமானியை உள்ளே விட்டுவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குமட்டல் அடங்கக் கால் மணித்தியாலம் ஆகும். அவசரப்பட்டுப் பார்க்கவே கூடாது என்பது கந்தோர்க் கட்டளை. ஆகவே பொறுத்துப் பொறுத்து, ஒழுங்காகப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதினேன். கச்சான் காற்று கரையிலிருந்து அனலாக அடித்துக்கொண்டிருந்த காலம்.

ஒரு மாதம் கழித்து அவன் என்னை முல்லைத்தீவுக்குக் கூப்பிட்டான். மேசையில் செய்மதித் தாள் ஒரு பக்கம், என் தாள்கள் மறுபக்கம். செய்மதி எல்லா நாளும் இருபத்தொன்பதைச் சுற்றி. என்னுடையது இருபத்தேழரையைச் சுற்றி. ஒன்றரைப் பாகை வித்தியாசம்.

"மூண்டு மாசம் ஒழுங்காப் போனாய். பிறகு பஞ்சி பிடிச்சிட்டுது, என்ன?" என்றான்.

"ஒவ்வொரு நாளும் போறனான் சேர். வள்ளக்காரரைக் கேளுங்கோ."

"அவனுக்கும் உனக்கும் நல்ல கூட்டு. குசினிக்குள்ள குந்தியிருந்து எழுதிக்கொண்டு வாறாய். தோட்டக்காட்டானுக்கு ஏன்ரா கடல்?"

அந்தச் சொல்லை அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில், சந்தையில், கிணற்றடியில். ஆனால் தட்டச்சுப் பெட்டை, பியோன், வெளியில் காத்திருந்த இரண்டு பேர், எல்லோரும் கேட்க, தினம் தினம் சத்தி எடுத்துச் சத்தி எடுத்து எழுதிய தாள்களை என் முன்னாலேயே இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு ஒருவன் சொன்னது அன்றுதான். தாள் கிழிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றே வேலை போனது. காரணம்: பொய்யான அளவுகள் எழுதியமை. அந்தக் கடிதம் கையில் இருந்தால் வேறு எந்தக் கந்தோரும் என்னை எடுக்காது.

பஸ்ஸில் முரசுமோட்டைக்கு வரும் வழி முழுக்க நான் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தேன். உன்னை விடமாட்டன். நீ பெரிய படிப்புப் படித்தவன் என்றால் நான் பட்டினி கிடந்து படித்தவன். உன் கதிரை உன்னை விட்டுப் போகிற வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டிசம் எழுதினேன். எங்கள் பக்கத்தில் அநியாயம் செய்தவனைக் கையால் அடிக்க முடியாதவன் பெட்டிசத்தால் அடிப்பான். தலைமைக் கந்தோருக்கு ஒன்று, அதற்கு மேலே இருந்தவருக்கு ஒன்று, நினைவூட்டி இன்னொன்று. நான் சொன்னது இவ்வளவுதான்: என் அளவு உண்மை. நம்பாவிட்டால் அதே அதிகாரி என்னோடு கடலுக்கு வந்து தன் கையால் அளக்கட்டும்.

பதில் வருவதற்கு முன் ஒரு மத்தியானம் அது நடந்தது. வெப்பமானியைத் திருப்பிக் கேட்க அவன் மறந்துபோயிருந்தான், நானும் ஞாபகப்படுத்தவில்லை. கோபம் வரும்போதெல்லாம் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன். குசினிக்குள் போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். பல்லுக்குச் சில்லென்றிருந்தது. சும்மா ஒரு விளையாட்டுக்குப் பானைக்குள் வெப்பமானியை விட்டேன். இருபத்தைந்து. பக்கத்தில் அலுமினியச் சட்டியில் அதே கிணற்றுத் தண்ணீர். அதற்குள் விட்டேன். இருபத்தெட்டு.

"என்னய்யா, சொவர மொறச்சிப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று அம்மா கேட்டார்.

அட, என் மடைத்தனமே! மண்பானையில் தண்ணீர் குளிரும் என்று தெரியாத மனிதன் வன்னியில் உண்டா? அதற்காகத்தானே அதில் தண்ணீர் வைக்கிறோம்! ஈரம் வெளியே கசியும், காற்று அதைக் காய வைக்கும், உள்ளே இருக்கிற தண்ணீர் குளிரும். கச்சான் அடிக்கிற வள்ளத்தில், நனைந்த முட்டியைக் கால் மணித்தியாலம் காற்றில் வைத்துவிட்டுக் கடலின் சூட்டைப் பார்த்தவன் நான். செய்மதி பார்த்தது கடலை. நான் பார்த்தது முட்டியை.

நான் பொய் எழுதவில்லை, ஆனால் எழுதியது பிழை. அவன் சொன்னது அநியாயம், ஆனால் அவன் தாள் சரி. எழுந்து முல்லைத்தீவுக்குப் போய் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் என்ன செய்வான்? சிரிப்பான். பானையில் கடல் அளந்த தோட்டக்காட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அதை நினைத்து நான் முல்லைத்தீவுப் பக்கமே போகவில்லை.

அடுத்த கிழமை தலைமைக் கந்தோரின் கடிதம் வந்தது. அதிகாரியும் நானும் ஒன்றாகக் கடலுக்குப் போய் மூன்று நாள் அளக்க வேண்டும். அளவை அதிகாரியே பார்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். வள்ளக்காரர் சாட்சி. கடிதத்தை நான் நாலு தரம் வாசித்தேன். நாலாம் தரம் வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் வெள்ளைக் காற்சட்டையோடு, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கொக்கிளாய்க் கரைக்கு வந்தான். என் வெப்பமானியை நம்பாமல் பித்தளை உறை போட்ட புது வெப்பமானி ஒன்று கொண்டுவந்திருந்தான். வாளி கொண்டுவரவில்லை. அது என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு.

"வாளி எங்க?"

"கயிறு அறுந்து போட்டுது சேர்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப அரசாங்கச் சாமானும் துலைச்சாச்சு. நல்லது, நல்லது. அதையும் சேர்த்து எழுதுவம்."

அண்ணை முட்டியைத் தூக்கிக் காட்டினார். "இது இருக்குது சேர். செய்மதி வாற நேரமாச்சு. இனி ஊருக்குள்ள போய் வாளி தேடேலாது."

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். "சரி சரி. எதில எடுத்தால் என்ன, தண்ணி தண்ணிதானே" என்றான்.

நான் முட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். கடவுளே, அவன் வாயாலேயே வந்தது!

கரை மறைவதற்குள் அவனுக்குச் சத்தி வந்தது. நான் அன்று கரையிலேயே ஒரு புளித் தேசிக்காயை மோந்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். என் மடியில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றை மோந்தால் குமட்டல் கொஞ்சம் ஆறும். கொடுக்கவில்லை. அவன் வெள்ளைக் காற்சட்டை நாசமாகிற அழகை இருந்து பார்த்தேன். முட்டி அணியத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அவன் தலை நிமிர்த்த இருபது நிமிடம் ஆனது. பிறகு தவழ்ந்து வந்து, தன் பித்தளை வெப்பமானியைத் தானே எடுத்து, தானே பார்த்தான். இருபத்தேழு தசம் நாலு. திரும்பவும் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். வேறு வழியில்லாமல் எழுதிக் கையெழுத்து வைத்தான். காபன் தாள் வைத்த பிரதி, வழக்கப்படி என்னிடம் வந்தது.

மூன்று நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கரையில் இறங்கியதும் என் பக்கம் திரும்பினான். "உன்ர பிரதியளைத் தா."

"வள்ளத்துக்குள்ள தண்ணி அடிச்சு எல்லாம் கரைஞ்சு போச்சு சேர்" என்றேன். பொலித்தீனில் சுற்றி என் வயிற்றோடு கட்டியிருந்தேன்.

அவன் நம்பினான். அவனைப் போன்றவர்களுக்கு எங்களைப் போன்றவர்கள் கவனமாக இருப்பார்கள் என்ற நினைப்பே வராது. நான் எதிர்பார்த்தபடியே செய்தான். செய்மதி பிழைக்காது, என் முன்னால் தான் தோற்கவும் கூடாது. ஆகவே கந்தோருக்குப் போய் வேறு தாளில் இருபத்தொன்பது தசம் இரண்டு, தசம் நாலு, தசம் ஒன்று என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பினான். வேடிக்கை என்னவென்றால், அவன் கள்ளமாக எழுதிய எண்தான் கடலின் உண்மையான எண்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவனுடைய தாளை வாசித்தார்கள். நான் எழுந்து மூன்று பிரதிகளையும் மேசையில் ஒவ்வொன்றாக வைத்தேன். அவசரப்படாமல், மெதுவாக வைத்தேன். அவன் முகத்திலிருந்து இரத்தம் வடிந்து போவதை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு. பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

அண்ணையைக் கேட்டார்கள். அவர் சால்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்று சொன்னார்: "வற்றாப்பளை அம்மாளாணை, மூண்டு நாளும் இந்தச் சேர்தான் பாத்து எழுதினவர். இந்தப் பொடியன் ஒரு நாளும் பொய் எழுதினவன் இல்லை. எழுதவும் மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

எந்தப் பாத்திரத்தில் அளந்தீர்கள் என்று யாரும் கேட்கவே இல்லை.

அவனுக்குத் தண்டனை இடமாற்றம். கிடைக்க இருந்த பதவி உயர்வும் போனது. அவன் போகிற அன்று நான் வேண்டுமென்றே பஸ் நிலையத்துக்குப் போனேன். எதிர்த் தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில் உட்கார்ந்து, அவனுக்குத் தெரியும்படி பிளேன்ரீ குடித்தேன். அவன் பெட்டியை வைத்துவிட்டு வீதியைக் கடந்து என்னிடமே வந்தான். கிட்டத்தில் பார்த்தபோது கண் சிவந்திருந்தது.

"ஒண்டை மட்டும் சொல்லு. அண்டைக்குத் தண்ணி ஏன் அவ்வளவு குளிர்?"

"கடலைத்தான் கேக்கவேணும் சேர்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். பிளேன்ரீ அப்படி இனித்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான காலை எனக்குக் கிடைக்கவில்லை, கலியாணத்தன்றுகூட.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நியமனமும் வந்தது. அவன் கதிரைக்கு ஒரு அம்மா வந்தார். எல்லோரும் அவாவை மிஸ் என்போம். நல்ல மனுசி. வந்த முதல் கிழமையே எனக்குப் புது இறப்பர் வாளி எடுத்துத் தந்தார். பிறகு என் பழைய தாள்களை, கிழிந்தவற்றையும் ஒட்டி, மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, கச்சான் காலத்தில செய்மதி எங்கட கடலை ஒண்டரைப் பாகை கூடக் காட்டுது. உங்கட அளவை வைச்சுத்தான் அதைத் திருத்தப் போறம். கொழும்பிலயும் ஓம் எண்டிட்டினம். ஒருத்தரும் நம்பாத நேரத்தில நீங்கள் விடாமல் நிண்டீங்கள். உங்கட அளவில எனக்கு முழு நம்பிக்கை."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விசாரணை திரும்பத் திறக்கும். அவன் திரும்பி வருவான். அவன் திரும்பி வந்து அந்தக் கதிரையில் இருப்பதை நினைத்தேன். "ஓம் மிஸ்" என்றேன்.

அடுத்த நாள் புது வாளியில் கடல் உள்ளது உள்ளபடி வந்தது. என்னுடைய பழைய எண்களோடு அது ஒட்டாது. ஆகவே ஒன்றரையைக் கழித்து எழுதினேன். அதற்கடுத்த நாளும் கழித்தேன். கழிப்பது ஒரு கையெழுத்துப் போடுவதைப் போலப் பழகிவிட்டது. கொழும்பிலிருந்து திருத்திய தாள் வந்தபோது, எங்கள் கட்டத்தில் இருந்த எண்ணும் என் எண்ணும் அச்சாக ஒன்று. மிஸ் சந்தோசத்தில் எனக்குக் கை தந்தார்.

அண்ணை அதற்குள் வெப்பமானி பார்க்கப் பழகியிருந்தார். எனக்கு முன்னால் தானே பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. ஒரு நாள் "இருபத்தொன்பது தசம் ரெண்டு, டொக்டர்!" என்றார். நான் எழுதினேன். காற்று தாளைப் பறித்து அவர் காலடியில் போட்டது. எடுத்துத் தர வந்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னது இருபத்தொன்பது."

"ஓம் அண்ணை."

"நீ எழுதினது இருபத்தேழு."

முட்டியின் கதையை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், எல்லாம் தெரிந்துகொண்டே அவரை விசாரணையில் சத்தியம் பண்ண விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். "மேலிடத்தில அப்பிடித்தான் எழுதச் சொன்னவை" என்றேன். என்னை நம்பிய மிஸ்ஸின் பெயரையும் அழுக்காக்கினேன்.

அவர் வாளித் தண்ணீரைக் கடலில் ஊற்றினார். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மெசினை இழுத்துக் கிளப்பினார். கரையில் இறங்கும்போது, "நாளைக்கு வேற வள்ளம் பாருங்கோ. அறையையும் ஒழிச்சுத் தாங்கோ" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்தே போய், மொட்டையடித்து, கோயிலைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்தார் என்று கரையில் கதைத்தார்கள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். புதன்கிழமை காலை வேறொருவரின் வள்ளத்தில் நான் கடலில் நின்றபோது அவர் எங்களைக் கடந்து போனார். உருண்ட இடமெல்லாம் முதுகிலும் தோளிலும் தோல் உரிந்திருந்தது. என் பக்கம் பார்க்கவில்லை. செய்மதி வருகிற நேரம் ஆகியிருந்தது. வாளியை இறக்கினேன். இருபத்தொன்பது தசம் மூன்று. இருபத்தேழு தசம் எட்டு என்று எழுதினேன்.